தண்டவாளம் பார்க்கும் கமரா பிழையாகக் காட்டினால்: வன்னிப் பாதைக்கான பிழை நீக்கும் வழிமுறை

ரயிலில் பூட்டிய கமராவின் படத்தில் ஏதோ சரியில்லை என்றால், உடனே குறடும் கையுமாகப் பெட்டிக்கு அடியில் போகவேண்டாம். அதே பாதையில் போகும்போதும் வரும்போதும் எடுத்த இரண்டு பதிவுகளைப் பக்கம் பக்கமாகத் திறந்து வையுங்கள். கோளாறு ஓரிடத்தில் மட்டும் வருகிறதா, வேகம் கூடக் கூடுகிறதா, நேரத்தைப் பொறுத்து மாறுகிறதா, எங்கே போனாலும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வந்தால் பிழை பெரும்பாலும் பாதையில். வேகத்தோடு கூடினால் ஷட்டரில் அல்லது தூரம் எண்ணும் என்கோடரில். நேரத்தோடு மாறினால் வெயில், பனி, வெக்கை. எப்போதும் கூடவே வந்தால் லென்ஸ், வயர், அல்லது கமராவைப் பிடித்திருக்கும் பூட்டு. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், உண்மையான பாதைப் பழுதைக் கமராக் கோளாறு என்று நினைத்து மூடிவிடும் ஆபத்து உண்டு. மற்ற எல்லாப் பிழையையும் விட அதுதான் மோசமானது.

இங்கே சொல்லப்படுபவை இரண்டு வகைக் கமராக்களுக்கு. ஒன்று, சாரதி அறையின் கண்ணாடிக்குப் பின்னால் முன்நோக்கி வைக்கும் சாதாரண வீடியோக் கமரா. மற்றது, பெட்டிக்கு அடியில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் மேலே கீழ்நோக்கிப் பூட்டும் லைன் ஸ்கேன் கமரா; இது ஒரு தடவைக்கு ஒரே ஒரு வரியை எடுத்து, ரயில் ஓட ஓட வரிகளைச் சேர்த்துப் படமாக்கும். பாதை என்று சொல்வது ஓமந்தையிலிருந்து புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி வழியாகப் பளை வரை திரும்பக் கட்டப்பட்ட 90 கிலோமீற்றரையும், மதவாச்சி–தலைமன்னார்ப் பாதையையும். இரண்டும் 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை. கணக்குகள் எல்லாம் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்துக்கு. அதாவது செக்கனுக்கு 22.2 மீற்றர்.

பெட்டிக்கு அடியில் எதைத் தொடுவதென்றாலும் ரயில்வேத் திணைக்களத்தின் அனுமதி, எஞ்சின் நிறுத்தம், சில்லுக்குக் கட்டை, மூன்றும் வேண்டும். கீழே பூட்டும் ஒவ்வொரு கமராக் கூட்டுக்கும் ஆணிகளைத் தவிர 4 மில்லிமீற்றர் உருக்குக் கம்பிக் கயிறு ஒன்றும் பிணையாக இருக்கவேண்டும். அதிர்வில் ஆணி கழன்றாலும் கூடு பாதையில் விழக்கூடாது.

படம் இழுபட்டுத் தெரிகிறது

முதலில் எந்தப் பக்கமாக இழுபடுகிறது என்று பாருங்கள். ஓடும் திசையில் மட்டும் இழுபட்டால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூட. எல்லாப் பக்கமும் மங்கினால் போக்கஸ் அல்லது அழுக்குக் கண்ணாடி. முன்நோக்கிய கமராவில் இன்னும் சுலபம்: தூரத்தில் தெளிவு, கிட்டத்தில் இழுவை என்றால் ஷட்டர், எல்லாமே மங்கல் என்றால் மற்றது.

1/1000 செக்கனில் ரயில் 22 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். தண்டவாளத்தைச் சிலிப்பர்க் கட்டையோடு அழுத்திப் பிடிக்கும் எலாஸ்டிக் கிளிப்பின் கம்பித் தடிப்பே ஏறத்தாழ 20 மில்லிமீற்றர்தான். அந்த ஷட்டரில் கிளிப் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதே பாடு. உடைந்ததா என்று கேட்கவே கூடாது. 1/4000 இல் 5.5 மில்லிமீற்றர். முன்நோக்கிய கமராவுக்கு இது போதும். கீழ்நோக்கிய லைன் ஸ்கேனுக்கு 20 மைக்ரோ செக்கன் வையுங்கள், நகர்வு 0.44 மில்லிமீற்றருக்குள் நிற்கும். அவ்வளவு குறுகிய நேரத்துக்குப் பகல் வெளிச்சம் காணாது, விளக்கு வேண்டும். வெளிச்சம் போதாதபோது கெயினை (கமரா தன் சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) கூட்டினால் படம் பொரிந்துபோகும், படத்தில் பழுது தேடும் மென்பொருள் அந்தப் பொரியையெல்லாம் வெடிப்பு என்று எண்ணும். கெயினைத் தொடாமல் விளக்கைக் கூட்டுங்கள், அல்லது கிட்டக் கொண்டுவாருங்கள். தன்னியக்க ஷட்டர், தன்னியக்க போக்கஸ், அசைவு நீக்கி மூன்றையும் நிறுத்திவிடுங்கள். காட்டு நிழலுக்குள் போனதும் தன்னியக்க ஷட்டர் தானாக 1/500 க்கு இறங்கி, நீங்கள் கவனிக்காமலே முழுத் துண்டையும் கெடுத்துவிடும்.

போக்கஸ் சில நாளில் மட்டும் தவறினால் பெட்டியின் பாரத்தைப் பாருங்கள். உடலில் பூட்டிய கமரா, சனம் ஏறினால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து சில சென்ரிமீற்றர் இறங்கும். வெறும் பெட்டியில் துல்லியமாகப் போக்கஸ் பண்ணிவிட்டு, ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு நிரம்பி வழியும் ரயிலில் பதிவு எடுத்தால் கல்லெல்லாம் பஞ்சாகத் தெரியும். பாதிப் பாரத்துக்குரிய உயரத்தில் போக்கஸ் பண்ணுங்கள், லென்ஸ் துவாரத்தை எப் 4 அல்லது அதற்குமேல் சுருக்குங்கள், பிறகு லென்ஸ் வளையங்களின் பூட்டுத் திருகாணிகளை இறுக்கி நடுத்தர வலுவுள்ள ஆணிப்பசை ஒரு துளி விடுங்கள். சில்லுகளைத் தாங்கும் போகிச் சட்டத்தில் பூட்டினால் உயரம் இவ்வளவு மாறாது, ஆனால் அதிர்வு பல மடங்கு. ரப்பர் தாங்கி இல்லாமல் அங்கே வைக்கவேண்டாம்.

தண்டவாளம் நெளிவாகத் தெரிகிறது

இதில் அவசரப்படாமலும் இருக்கவேண்டும், அலட்சியமும் கூடாது. மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, ரோலிங் ஷட்டர். மலிவான கமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கும். வாசித்து முடியமுன் எஞ்சின் குலுங்கினால் நேரான தண்டவாளம் ஜெலி போல் வளையும். அடையாளம்: தண்டவாளத்தோடு சேர்ந்து தந்திக் கம்பமும் மரமும் வளையும், ஒரு பிரேமில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். மருந்து, முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் கமராதான். வாங்கும்வரை பூட்டை விறைப்பாக்குங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணத்தில் கமராவைத் தொங்கவிட்டால் இந்தப் பிரச்சினை தீராது.

இரண்டு, கானல். பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை, வெளியான நீண்ட நேர்ப்பாதைகளில், குறிப்பாகப் பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையில், உச்சி வெயிலில் தூரத்துத் தண்டவாளம் தண்ணீரில் கிடப்பதுபோல் ஆடும். அடையாளம்: தூரத்தில் மட்டும் ஆடும், ரயில் கிட்டப் போகப் போக ஆட்டமும் முன்னால் தள்ளிப்போகும், ஒருபோதும் கைக்கு வராது. பகுப்பாய்வை ரயிலுக்கு முன்னால் 40 மீற்றருக்குள் மட்டுப்படுத்துங்கள்.

மூன்று, உண்மையான நெளிவு. வெயிலில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட ஏறத்தாழ 20 பாகை கூடலாம். நீளமாக ஒட்டுப்போட்ட தண்டவாளத்துக்கு விரிய இடம் இல்லை; சல்லி குறைந்த இடத்தில் அல்லது அண்மையில் சல்லி கிளறி வேலை செய்த இடத்தில் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டு வெளிக்கிடும். அடையாளம்: ரயில் கிட்டப் போனாலும் நெளிவு அதே இடத்தில் நிற்கும், கம்பங்கள் நேராக இருக்கும், சிலிப்பர்க் கட்டைகளின் நுனியில் சல்லி ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் வெளித்துத் தெரியும். கட்டை நுனியில் தெரியும் அந்த வெளிதான் உறுதியான சாட்சி. ஒரு பக்கம் கட்டைக்கும் சல்லிக்கும் இடையில் நிழல் விழுந்த நீட்டுக் கோடு, மறுபக்கம் கல்லுகள் கட்டைக்கு மேல் ஏறிய வரம்பு. ஷட்டரோ கானலோ இதை உண்டாக்காது.

மூன்றில் எது என்று தீர்மானிக்க முடியாவிட்டால் மூன்றாவது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் இருந்தால் சாரதிக்கும், பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தால் கிட்டிய நிலையத்துக்கும் உடனே சொல்லவேண்டும். பதிவை இன்னொருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகு. நெளிவைத் தேடித்தான் ஓடுகிறீர்கள் என்றால் காலை ரயில் பிரயோசனமில்லை, பின்னேரம் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் பதிவு எடுங்கள்.

கட்டைகள் நீண்டு தெரிகின்றன, அல்லது பழுது சொன்ன இடத்தில் இல்லை

பாதையைப் பராமரிக்கும் கேங் ஆட்கள் வெயிலுக்குள் நடந்துபோய் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று ஓரிரு தடவை திரும்பி வந்தால், பிறகு உங்கள் அறிக்கையை எவரும் வாசிக்கமாட்டார்கள். அதனால் இதற்கு நேரம் செலவழியுங்கள்.

லைன் ஸ்கேன் கமராவுக்குத் தூரம் சொல்வது சில்லு அச்சில் பூட்டிய என்கோடர். சில்லின் விட்டம் 900 மில்லிமீற்றர் என்றால் சுற்றளவு 2827. 1024 துடிப்பு என்கோடரை நான்கு மடங்காக எண்ணினால் ஒரு சுற்றுக்கு 4096 எண்ணிக்கை, ஒவ்வொன்றும் 0.69 மில்லிமீற்றர். இப்போது சில்லைக் கடைந்து விட்டம் 890 ஆகிவிட்டது, மென்பொருளில் 900 என்றே இருக்கிறது என்று வைப்போம். ஒரு கிலோமீற்றருக்கு 11 மீற்றர் கூட எண்ணும். ஓமந்தையில் சரியாகத் தொடங்கிய ரயில் பளைக்கு வரும்போது கணக்கு 91 கிலோமீற்றர் காட்டும். முழுசாக 1 கிலோமீற்றர் பிழை.

சரிபார்க்கும் வழி: அளவு தெரிந்த இரண்டு அடையாளங்களுக்கு இடையில், உதாரணமாக இரு கடவைகளுக்கு இடையில், படத்தில் கட்டைகளை எண்ணுங்கள். அந்தத் துண்டில் நாடா பிடித்து அளந்த கட்டை இடைவெளி 600 மில்லிமீற்றர், படத்தில் சராசரி 607 வருகிறது என்றால் சில்லு விட்டம் பிழை. 600/607 ஆல் பெருக்கித் திருத்துங்கள். பத்துக் கட்டையை எண்ணி முடிவெடுக்கவேண்டாம், தனிக்கட்டை இடைவெளி இயல்பாகவே கூடிக் குறையும். 500 கட்டையாவது எண்ணுங்கள். எல்லா இடமும் சரி, நிலையத்துக்குள் நுழையும்போது மட்டும் கட்டைகள் குறுகித் தெரிந்தால் பிறேக் பிடிக்கும்போது சில்லு வழுக்கியிருக்கிறது. பிறேக் இல்லாத அச்சுக்கு என்கோடரை மாற்ற முடியுமென்றால் மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு பாலத்திலும் எண்ணிக்கையைத் தெரிந்த தூரத்துக்குத் திருத்தி அமையுங்கள்.

ஜி.பி.எஸ். மட்டும் பாவிக்கிறீர்கள் என்றால் வேறு வகைப் பிழை. செக்கனுக்கு ஒரு தடவை இடம் சொல்லும் கருவி 22 மீற்றருக்கு ஒரு புள்ளிதான் தரும். இடையில் உள்ளதை வேகத்தைக்கொண்டு நிரப்பவேண்டும். வீடியோ நேரமும் ஜி.பி.எஸ். நேரமும் அரைச் செக்கன் விலகினால் 11 மீற்றர் தவறும். இதைக் கண்டுபிடிக்கத்தான் போகும்போதும் வரும்போதும் எடுத்த பதிவு: வடக்கே போகையில் பழுது வடக்கே தள்ளியும், தெற்கே வருகையில் தெற்கே தள்ளியும் விழுந்தால் நேர விலகல். இரண்டிலும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளினால் வரைபடத்தில் தூரம் பிழை. கோப்புகள் ஐந்தரை மணித்தியாலம் முன்பின்னாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, ஒன்று உலக நேரம், மற்றது இலங்கை நேரம்.

அறிக்கையில் தூரத்தை மட்டும் எழுதாதீர்கள். ‘மாங்குளம் பக்கக் கடவையிலிருந்து வடக்கே 214 ஆவது கட்டை, கிழக்குத் தண்டவாளம், உள்பக்கக் கிளிப்’ என்ற விதத்தில் எழுதினால் எவரும் நேரே போய் நிற்கலாம்.

காலையில் பால், பகலில் புழுதி, கடலோரம் உப்பு

தை, மாசிப் பனியில் இரவு முழுக்க வெளியில் நின்ற பெட்டியின் கமரா காலையில் வெள்ளைப் படம் தந்தால், கண்ணாடியை விரலால் துடைத்துப் பாருங்கள். தெளிந்தால் பனி வெளியே. பதிவு தொடங்க 20 நிமிடம் முன்பு கண்ணாடிச் சூடாக்கியைப் போட்டுவிட்டால் போதும். தெளியாவிட்டால் ஈரம் கூட்டுக்குள்ளே. சிலிக்கா ஜெல் பையின் நிறம் மாறியிருக்கும். செம்மஞ்சள் வகையை 120 பாகையில் 2 மணித்தியாலம் காயவைத்து, கூட்டைக் குளிரூட்டிய அறையில் திறந்து மூடுங்கள். வெக்கையான ஈரக் காற்றில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் ரப்பர் வளையத்தையும் கேபிள் நுழைவாயையும் மாற்றுங்கள்.

ஆனையிறவுக் களப்பும் மன்னார்த் தாம்போதியும் கடந்த ரயிலின் கண்ணாடியில் உப்புப் படியும். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதுதான் முதல் அறிகுறி. காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பளிங்கும் பிறேக் இரும்புத்தூளும் கண்ணாடியைக் கீறும், அந்தக் கீறல் பிறகு ஒவ்வொரு படத்திலும் வெடிப்பாக வரும். முதலில் அரை லீற்றர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு மைக்ரோபைபர் துணியால் ஒற்றுங்கள். தேய்க்கவேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உதவாது. வன்னிக் கிணறுகளில் பெரும்பாலும் கடினநீர், காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விடும். பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர்தான் நல்லது.

கிரவல் வீதிக் கடவைகளின் செம்புழுதிக்கு, கண்ணாடியை 100 மில்லிமீற்றர் ஆழக் குழலுக்குள் வைப்பது எந்தத் துடைப்பானையும் விட உதவும். இன்னொன்று, மலசலகூடக் குழாய் பாதையில் நேரே விழும் பழைய பெட்டியென்றால், ரயில் எந்தப் பக்கம் ஓடினாலும் சிதறல் படாத முனையைத் தேர்ந்தெடுங்கள். படத்துக்காக மட்டுமல்ல, கண்ணாடி துடைக்கும் ஆளுக்காகவும்.

ஒரு தண்டவாளம் கறுப்பு, மற்றது வெள்ளை

வடக்குப் பாதை பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடுவதால், காலையில் தாழ்ந்த வெயில் கிழக்குப் பக்கத்தால் பெட்டிக்கு அடியில் நுழையும், பின்னேரம் மேற்கால். நேரத்தோடு பக்கம் மாறினால் கமராவில் பிழை இல்லை. மாறாமல் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்க விளக்கைப் பாருங்கள். வெயிலை வெல்ல நிலையான வழி, 808 நானோமீற்றர் லேசர்க் கோட்டு விளக்கும் அந்த அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டியும். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். வேகம் மணிக்கு 5 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கினால் தானாக அணையும் இணைப்பு இல்லாமல் அதைப் பூட்டவே கூடாது. மேடையில் பிள்ளைகள் நிற்பார்கள். மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு மாலையில் போகும் முன்நோக்கிய கமராவுக்கு வெயில் நேர் முகத்தில். அந்த ஓட்டத்தை விட்டுத் திரும்பும் ஓட்டத்தில் எடுங்கள்.

‘கிளிப் இல்லை’ என்று ஓயாத எச்சரிக்கை

கட்டை இடைவெளி 600 மில்லிமீற்றர், கட்டைக்கு நான்கு கிளிப் என்றால் ஒரு கிலோமீற்றரில் ஏறத்தாழ 6,670 கிளிப். 90 கிலோமீற்றரில் 6 லட்சம். மென்பொருள் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தாலும் ஒரு ஓட்டத்தில் 600 பொய் எச்சரிக்கை. யாரும் அத்தனையையும் நடந்து பார்க்கப்போவதில்லை.

காரணம் பெரும்பாலும் மென்பொருளின் கூர்மை இல்லை, கேட்கும் கேள்வி. ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே விடை வைத்தால் புல்லுக்குள் இருக்கும் கிளிப், மேலே சல்லி கிடக்கும் கிளிப், சாணத்தில் மூடிய கிளிப் எல்லாம் ‘இல்லை’ ஆகிவிடும். ‘மறைவு’ என்று மூன்றாவது விடை சேர்த்து மென்பொருளைத் திரும்பப் பயிற்றுங்கள். மறைவுகளின் பட்டியலும் வீண்போகாது: மாரிக்குப் பிறகு எந்தத் துண்டில் புல் வெட்டவேண்டும், எங்கே சல்லி கட்டைக்கு மேல் குவிந்திருக்கிறது என்று அதுவே சொல்லும். ‘இல்லை’ என்று வந்ததை இரண்டு வேறு ஓட்டங்களில் உறுதியான பின்பே அனுப்புங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: அடுத்தடுத்த கட்டைகளில் ஒரே தண்டவாளத்தில் மூன்று கிளிப் இல்லையென்றால் முதல் ஓட்டத்திலேயே அனுப்புங்கள்.

மழை விட்ட கையோடு எடுத்த பதிவில் எச்சரிக்கை திடீரென்று பெருகினால் நனைந்த கட்டையும் துருக்கிளிப்பும் ஒரே கருமையாகிவிட்டன என்று அர்த்தம். பயிற்சிப் படங்களில் மழைநாள் படம் போதாது. மார்கழியில் எடுத்ததையும் ஆடியில் எடுத்ததையும் சமமாகச் சேருங்கள். கட்டையில் ‘வெடிப்பு’ என்று வருவது பல தடவை காய்ந்த புல் இழை, அல்லது நீர் வடிந்த தடம். அடுத்த ஓட்டத்தில் இடம் மாறியிருந்தால் புல், மாறாவிட்டால் நேரில் பாருங்கள்.

பதிவு நடுவில் அறுந்துபோகிறது

எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போது அறுந்தால் மின்னழுத்தம் விழுகிறது. எந்த வண்டியில் எத்தனை வோல்ற் என்று ஊகிக்காமல் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 24, 72, 110 என்று மாறும். ரயில் மின்கருவிகளுக்கான ஈ.என். 50155 நியமப்படி 110 வோல்ற் அமைப்பு 77 முதல் 137.5 வரை ஆடலாம். லொறிக்கு வாங்கிய மின்னழுத்த மாற்றி அங்கே நிலைக்காது. குலுங்கும்போது அறுந்தால் இணைப்பி: சாதாரண நெற்வேர்க் குமிழைக் கழற்றி, திருகிப் பூட்டும் எம் 12 வகையைப் போடுங்கள். ஓடி ஒரு மணித்தியாலத்தின் பின் மட்டும் அறுந்தால் வெக்கை, பதிவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வட்டை அலுமினியக் கூட்டின் சுவரோடு ஒட்டிவையுங்கள்.

தொடக்கத்திலிருந்தே வரிகள் விடுபட்டால் சேமிப்பின் வேகம் காணாது. 2048 பிக்சல் லைன் ஸ்கேன் கமரா, ஒரு வரிக்கு 1 மில்லிமீற்றர் என்றால் செக்கனுக்கு 22,222 வரி, 45.5 மெகாபைற். இரண்டு கமராவுக்கு 91 மெகாபைற். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 328 கிகாபைற். 30 மெகாபைற் உறுதி தரும் மெமறிக் கார்ட் இதைத் தாங்காது. இவ்வளவையும் காட்டுக்குள் கைபேசி வலையமைப்பால் அனுப்பவும் முடியாது. எச்சரிக்கைப் படங்களை மட்டும் அனுப்பி, மற்றதை நிலையத்தில் வட்டோடு கழற்றி எடுங்கள். கோப்புகளை ஒரு நிமிடத் துண்டுகளாக எழுதினால் அறுந்தாலும் இழப்பு ஒரு நிமிடம்தான்.

ஒரே இடத்தில் படம் துள்ளுகிறது

போகும்போதும் வரும்போதும், எந்த நேரத்திலும், அதே கட்டைகளில் படம் துள்ளினால் கமராவைத் தொடவேண்டாம். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டையைச் சுற்றிச் சல்லி மாவாக வெளுத்திருந்தால் கட்டை அடியில் வெற்றிடம், ஒவ்வொரு சில்லுக்கும் அது ஏறி இறங்கிக் கல்லை அரைக்கிறது. சல்லிக்கு மேல் சேறு பொங்கிக் காய்ந்திருந்தால் வடிகால் அடைபட்டு அடிமண் பம்ப் ஆகிறது; மாரியில் குளங்களும் வாய்க்கால்களும் நிரம்பும் துண்டுகளில் இதை எதிர்பாருங்கள். மூட்டுக்கு மேல் துள்ளினால் இரு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் மீன்தட்டின் ஆணிகளையும் மூட்டுத் தாழ்வையும் பார்க்கச் சொல்லுங்கள். துள்ளலை எண்ணாகப் பெற, சில்லு அச்சின் முனையிலுள்ள அச்சுப் பெட்டியில், குலுக்கலை அளக்கும் ஒரு முடுக்கமானியைப் பூட்டி அதே நேர முத்திரையில் பதிந்தால், மாதத்துக்கு மாதம் கூடுகிறதா என்று ஒப்பிடலாம்.

தண்டவாளத்துக்கு உள்ளே இருக்கும் வெடிப்பைக் கமரா ஒருபோதும் காட்டாது. அதற்கு மீயொலிச் சோதனைதான். படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மீயொலி ஓட்டத்தையோ கேங் ஆட்களின் நடைப் பரிசோதனையையோ தள்ளிப்போட உங்கள் அறிக்கை காரணமாகக்கூடாது. ஒவ்வொரு அறிக்கையின் முதற்பக்கத்திலும் எந்தத் துண்டுகள் பார்க்கப்பட்டன, எவை மறைவாக இருந்தன, எந்தச் சோதனை இதில் அடங்காது என்று மூன்று வரியில் எழுதிவிடுங்கள்.